சட்டை போட்ட இரண்டு குதிரைகள்

எங்கள் வீட்டில் இரண்டு குதிரைகள் இருக்கின்றன. புல் கேட்காது, கனைக்காது, ஆனால் இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டு நிற்கும். மரம் அறுக்கும்போது பலகையை இரண்டு பக்கமும் தாங்குவதற்குப் போடுகிற நாலுகால் சட்டம்தான் அது. மரவேலை செய்பவர்கள் அதைக் குதிரை என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன். இருட்டில் முழங்காலில் இடித்துக்கொண்டால் மட்டும் வேறு பெயர் சொல்வேன், அதை இங்கே எழுத முடியாது. இரண்டுக்கும் சொந்தக்காரி என் மனைவி.

நான் பஸ் ஓட்டுகிறவன். நாள் முழுக்க சிக்னலோடும், வண்டிக்குக் குறுக்கே பாய்கிறவர்களோடும் மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வருகிறவனுக்குப் பெரிதாக என்ன வேண்டும்? காலை நீட்டி உட்கார ஒரு நாற்காலி. அப்படி ஒரு நாற்காலி எனக்கு இருந்தது. கை வைத்தது, முதுகுக்குச் சரியாகச் சாய்ந்தது. அது போன கதையிலிருந்துதான் இவளைப் பற்றிச் சொல்ல ஆரம்பிக்க வேண்டும்.

இவள் ஒரு தையல் கடையில் துணி வெட்டுகிறவள். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற கடை. மிஷினில் உட்கார்ந்து தைப்பது மற்றவர்கள். அளவெடுத்து, சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, முழங்கை நீளத்துக் கத்தரியால் வெட்டிக் கொடுப்பது இவள். கடையில் இவளுக்குக் கத்தரி என்றே பெயர். கையில் இருக்கிற சாமானை வைத்து வந்த பெயர் என்று இவள் சொல்வாள். இவளிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் வேறு காரணம் சொல்வார்கள்.

சமையலறைச் சுவரில் டப்பாக்கள் வைக்க ஒரு பலகை அடிக்க வேண்டும் என்று ஒரு தச்சரிடம் சொல்லியிருந்தாள். அவர் நாளைக்கு வருகிறேன் என்றார். எப்போது கேட்டாலும் அதையேதான் சொன்னார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வரும்போது ஒரு கையில் ரம்பம், தோளில் ஒரு பலகை. மாடிப்படி முழுக்கச் சுவரில் இடித்துக்கொண்டே வந்தாள்.

கூடத்தில் இரண்டு நாற்காலிகளைப் போட்டாள். அதில் ஒன்று என்னுடையது. பலகையைக் குறுக்கே வைத்து நடுவில் அறுக்க ஆரம்பித்தாள். பாதி அறுத்ததும் பலகை நடுவில் தொய்ந்து ரம்பத்தைக் கவ்விக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. இவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ரம்பத்தைப் பிடுங்கினாள், பலகையைத் திருப்பிப் போட்டாள், கோட்டை என் நாற்காலிப் பக்கமாகக் கொண்டுவந்து மூச்சு விடாமல் அறுத்து முடித்தாள். பலகை துண்டானது. கூடவே என் நாற்காலியின் முன்விளிம்பும் கையளவுக்குத் துண்டாகிக் கீழே விழுந்தது.

மறுநாள் மரக்கடையில் போய் விசாரித்திருக்கிறாள். இரண்டு தாங்கலுக்கு நடுவில் அறுத்தால் மரம் ரம்பத்தைப் பிடிக்கத்தான் செய்யும், விழவேண்டிய துண்டு தாங்கலுக்கு வெளியே தொங்க வேண்டும், முதலில் இரண்டு குதிரை செய்துகொள், அப்புறம் எதை வேண்டுமானாலும் செய் என்று கடைக்காரர் சொன்னாராம். அந்த ஆளை நான் இன்றுவரை பார்த்ததில்லை. பார்த்தால் என் நாற்காலியைப் பற்றிப் பேச வேண்டும்.

தையல் கடைக்குத் துணி வருகிற பெட்டிகளின் சட்டங்களைக் கேட்டு வாங்கி வந்து இவளே குதிரைகளைச் செய்தாள். முதல் குதிரை ஆடியது. இரண்டாவது கொஞ்சம் குறைவாக ஆடியது. பிறகு முதல் குதிரையைப் பிரித்து மறுபடி செய்தாள். மேல்கட்டை உரசிப் பலகையில் கீறல் விழுகிறது என்று, சீருடைத் துணியில் மிச்சம் விழுந்ததை வைத்து இரண்டுக்கும் உறை தைத்தாள். ஒன்றுக்கு நீலக் கட்டம், இன்னொன்றுக்குக் காப்பிக்கொட்டை நிறம். உள்ளே பஞ்சு, பக்கத்தில் வரிசையாகப் பொத்தான், கழற்றித் துவைத்துக்கொள்ளலாம். என் சட்டையில் ஒரு பொத்தான் அறுந்தால் நான் கெஞ்சிக் கூத்தாட வேண்டும். குதிரைச் சட்டைக்கு அறுந்தால் அன்றைக்கே தைத்துவிடுவாள்.

கீழே குடியிருக்கிற வீட்டுக்காரம்மா எங்கள் குளியலறைக்குப் புதுக் கதவு போட்டுக் கொடுத்தபோது, பழைய கதவை மொட்டைமாடியில் போட்டிருந்தார்கள். அதையும் இவள் விடவில்லை. இரண்டு குதிரைகளுக்கு மேல் அந்தக் கதவைப் போட்டால் மேஜை. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஒரு வட்ட ஓட்டை. எங்கள் மகளுக்கு அந்த ஓட்டைதான் உலகத்திலேயே பிடித்த விளையாட்டுச் சாமான். பென்சில், ரப்பர், என் பஸ் பாஸ், எல்லாம் அதில் இறங்கும். நான் கீழே குனிந்து பொறுக்க வேண்டும். அந்தக் கதவில்தான் சாப்பாடு, அதில்தான் இஸ்திரி, அதில்தான் வீட்டுப்பாடம். வேலை இருக்கிற நாளில் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அறுப்பது, இழைப்பது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது. முடிந்ததும் கதவு சுவரோரம் சாயும். குதிரைகள் பால்கனிக்குப் போகும், ஈரத்துணி காயப்போட. இரண்டே அறை உள்ள வாடகை வீட்டில் பட்டறை வைக்க இவளால்தான் முடியும்.

இதில் என் வேலை என்ன என்று கேட்பீர்கள். உட்காருவது. பலகை நகராமல் இருக்க ஒரு கவ்வி வாங்கிக்கொள்ளேன் என்று ஒருநாள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். அது எதற்கு, நீங்கள் இருக்கிறீர்களே என்றாள். அதோடு முடிந்தது. இவள் அறுக்கும்போதெல்லாம் நான் பேப்பரை எடுத்துக்கொண்டு பலகை மேல் ஏறி உட்கார வேண்டும். நான் கொஞ்சம் கனமான ஆள். அதற்காக வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவர் சந்தோஷப்பட்டது அப்போதுதான்.

செய்தவை எல்லாம் நன்றாக வந்தனவா என்றால், ஒரே ஒரு கோளாறு. எல்லாமே கொஞ்சம் பெரிதாக வரும். இது கைப்பழக்கம். துணியை வெட்டுகிறவர்கள் அளவோடு வெட்ட மாட்டார்கள். தையலுக்கு என்று ஓரத்தில் கொஞ்சம் விட்டுத்தான் வெட்டுவார்கள். இத்தனை வருஷமாக அப்படியே வெட்டி வெட்டி, மரத்தில் கோடு போடும்போதும் இவள் விரல் தானாக ஓரத்தில் தள்ளிப் போய்விடும். சமையலறைப் பலகை ஜன்னல் ஓரத்தை மறைத்துக்கொண்டு நின்றது. செருப்பு வைக்கிற அலமாரி வாசலில் வழியை மறித்தது. வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு முக்காலி செய்து கொடுத்தாள். அதில் அந்த அம்மாவும் அவர் பூனையும் சேர்ந்தே உட்காரலாம். நான் விடுவேனா? ஓரத்தை மடித்துத் தைத்துவிடு, சரியாகிவிடும் என்பேன். துணியில் குறைத்து வெட்டிவிட்டால் போனது போனதுதான், அதிகமாக இருந்தால் பிடித்துக்கொள்ளலாம் என்பாள். மரத்தை எப்படிப் பிடிப்பாய் என்று கேட்பேன். அதற்கு இழைப்புளிச் சத்தம்தான் வரும்.

இனி மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு வீட்டில் கட்டெறும்பு என்று பெயர். ஆள் அவ்வளவுதான் இருப்பாள், கோபம் வந்தால் கடித்துவிடுவாள். கோபம் என் பக்கத்திலிருந்து வந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் மறுக்கவில்லை.

பிறக்கும்போதே அவள் இதயத்தில் ஓட்டை இருந்தது. வளர வளரத் தானாக மூடிக்கொள்ளலாம், பார்க்கலாம் என்றார்கள். பார்த்தோம். பார்ப்பதைத் தவிர வேறு எதுவும் செய்ய முடியாத நிலை பொல்லாதது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், நடுப்படியில் உட்கார்ந்துவிடுவாள். அழுதால் உதடு நீலமாகும். அதனாலேயே அவள் கேட்டது எதற்கும் நாங்கள் இல்லை என்று சொன்னதில்லை, அதைத் தெரிந்துகொண்டு அவளும் எங்களை நன்றாக ஆட்டிவைத்தாள். ராத்திரி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் படுப்பாள். அவள் மூச்சு ஏறி இறங்குவது காதில் விழுந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு முடிகிற சமயம், ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எங்களை உட்காரச் சொன்னார். ஓட்டை மூடவில்லை, இதயம் ரொம்பச் சிரமப்படுகிறது, இனி காத்திருக்க முடியாது, நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார். பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே தேறிவிடுவார்கள் என்றும் சொன்னார். என் பெண் தேறிவிடுவாளா என்று கேட்டேன். அந்த அம்மா நேர்மையானவர். எங்களால் முடிந்ததை எல்லாம் செய்வோம், அதற்கு மேல் வாக்குக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இவள்தான் அடுத்த கேள்வியைக் கேட்டாள். வீட்டுக்கு வந்த பிறகு எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும்?

நெஞ்சு எலும்பு கூடுகிறவரைக்கும் தனியாக, மல்லாந்து படுக்க வேண்டும், பக்கத்தில் யாரும் புரண்டு கை கால் போட்டுவிடக் கூடாது, தனிக் கட்டிலாக இருந்தால் நல்லது என்றார். இவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நான் நன்றாக அறிவேன். வீட்டுக்கு வருகிற வழியிலேயே மரக்கடையில் இறங்கிவிட்டாள்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. கடையில் வாங்கலாம், தேவைப்படும்போது வாங்கலாம், இப்போது என்ன அவசரம் என்று நடுத்தெருவில் சத்தம் போட்டேன். கட்டிலைப் பற்றிய கோபம் இல்லை அது. ஆபரேஷன் முடிந்து அவள் வராமல் போய், கட்டில் மட்டும் அறையில் காலியாக நின்றால் நான் என்ன செய்வேன்? அந்தப் பயம்தான். அதை வாயால் சொல்லக்கூட எனக்குத் தைரியம் இல்லை. முதலில் அவள் வரட்டும் என்று மட்டும் சொன்னேன். இவள் என்னைப் பார்த்தாள், பலகையின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். வேறு என்ன செய்வது?

சனிக்கிழமை குதிரைகள் கூடத்துக்கு வந்தன. கதவை மேலே போட்டாள். கட்டெறும்பைத் தூக்கி அந்தக் கதவில் படுக்க வைத்து, சீருடைக்கு அளவெடுப்பதுபோல் டேப்பை நீட்டினாள். கூச்சத்தில் அவள் நெளிந்தாள். தலை கதவின் மேல்விளிம்பில் இருந்தது. குதிகால் தாழ்ப்பாள் ஓட்டை வரைக்கும்தான் வந்தது. எழுந்து உட்கார்ந்து ஓட்டைக்குள் கட்டைவிரலை விட்டுக்கொண்டு, எனக்கா கட்டில், எனக்கே எனக்கா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். உனக்கேதான் என்றாள் இவள். நான் பால்கனிக்குப் போய் நின்றுகொண்டேன்.

திரும்பி வந்தபோது கதவை எடுத்துவிட்டுக் கட்டிலின் பக்கச் சட்டத்துக்கான நீளப் பலகையைக் குதிரைகள் மேல் வைத்திருந்தாள். குழந்தையை வீட்டுக்காரம்மாவிடம் விட்டிருந்தாள், மரத்தூள் நெஞ்சுக்கு ஆகாது என்று. வழக்கம்போல் நான் ஏறி உட்கார்ந்தேன். பேப்பரைப் பிரித்தேன். பிறகு சுண்ணக்கட்டிக் கோட்டைப் பார்த்தேன். பேப்பரை மடித்துவிட்டேன்.

கோடு எங்கேயோ இருந்தது. தையலுக்கு விட்டதெல்லாம் ஒரு விரல், இரண்டு விரல் இருக்கும். இது அப்படி இல்லை. இந்தக் கட்டிலில் இவளே காலை நீட்டிப் படுக்கலாம். கட்டெறும்பு அதில் பாதியை நிரப்பினால் பெரிய காரியம். அதைவிட முக்கியம், கட்டில் போடப்போகிற உள்ளறை. சுவருக்கும் கதவுக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று எனக்கு மனப்பாடம், குறுகலான சந்தில் பஸ்ஸைத் திருப்புகிறவன் நான். இவ்வளவு நீளக் கட்டிலைப் போட்டால் அறைக்கதவு பாதிகூடத் திறக்காது.

எனக்கு நல்ல சந்தர்ப்பம் கிடைத்த மாதிரி இருந்தது. உன் பழக்கத்தை இதிலுமா காட்ட வேண்டும், அவள் இருப்பது இத்தனூண்டு, யாருக்கு இந்தக் கட்டில், கோட்டை இங்கே போடு என்று பலகையில் விரலால் தட்டிக் காட்டினேன். கதவு திறக்காது என்றேன். பெரிதாக வெட்டிவிட்டு அப்புறம் மடிக்கவா போகிறாய் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். வாய்க்குப் பெயர்போனவள் பேசாமல் நின்றால் எனக்கு இன்னும் கோபம் வரும். ரம்பத்தைக் கோட்டில் வைத்தாள், எடுத்தாள். என் முகத்தைப் பார்க்காமல் பலகையைப் பார்த்தே சொன்னாள்.

"இது தையலுக்கு விட்டது இல்லைங்க. வளர்றதுக்கு விட்டது."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"கடையில வந்து அம்மாமாரெல்லாம் சொல்லுவாங்க இல்ல, வளர்ற பிள்ளை, உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைங்கன்னு. ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் விட்டேன். என் பிள்ளைக்கு அளவா வெட்டச் சொல்றீங்களா?"

நான் பலகையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டேன். இவள் அறுக்க ஆரம்பித்தாள். பலகை மேல் உட்கார்ந்திருக்கிறவனுக்கு ரம்பத்தின் ஒவ்வொரு இழுப்பும் உடம்பில் தெரியும். இவள் கை எனக்குப் பழக்கம், ஒரே சீராகப் போகும். அன்று அப்படிப் போகவில்லை. நாலு இழுப்பு போகும், நிற்கும். மறுபடி மெதுவாகத் தொடங்கும், நடுங்கும், நிற்கும். முகத்தில் ஒன்றுமே காட்டாமல் நின்றாள், எல்லாம் பலகை வழியாக எனக்கு வந்து சேர்ந்தது. டாக்டரம்மா முன்னால் கேள்வி கேட்டபோதும், மரக்கடையில் பலகை பொறுக்கியபோதும் இவள் எவ்வளவு பயந்திருந்தாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் அசையாமல் இருந்தேன். அன்று என்னால் அவளுக்குச் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

வெளியே தொங்கிய துண்டு விழுந்தது. இவள் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். நான் எழுந்து திருப்புளியைத் தேடினேன். அறைக்கதவின் கீல்களைக் கழற்றினேன். பெயிண்ட் அடித்து அடித்துத் திருகாணித் தலையெல்லாம் அடைந்து போயிருந்தது, ஒவ்வொன்றுக்கும் உயிர் போனது. கடைசிக் கீல் கழன்றதும் கதவு என் தோளில் சாய்ந்தது. அதைச் சுவரோரம் நிறுத்தினேன். இவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து கதவு இல்லாத வாசலைப் பார்த்தாள். என்ன இது என்றாள். கட்டில் போட இடம் என்றேன். இவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு வேறொன்றும் வந்தது, மறுபடி முகம் கழுவப் போனாள்.

சத்தம் கேட்டு வீட்டுக்காரம்மா மேலே ஏறி வந்தார். அவருக்கு மரத்தூளைப் பற்றி எப்போதும் ஒரு புகார் இருக்கும். கழற்றி வைத்த கதவைப் பார்த்து வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். இவளைப் பார்த்தார். குதிரைகள் மேல் கிடந்த பலகையின் நீளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குழந்தை என் வீட்டில் பூனையோடு விளையாடுகிறாள், மெதுவாக வந்து கூட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கதவைப் பற்றி அவர் இன்றுவரை கேட்கவில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் கட்டில் தயாராகிவிட்டது. வாசலுக்கு இவள் ஒரு திரை தைத்துப் போட்டாள். நான் அந்த அறைப் பக்கம் போவதைத் தவிர்த்தேன். போனாலும் திரையை விலக்கி உள்ளே பார்க்க மாட்டேன்.

ஆபரேஷன் நாளைப் பற்றி நிறையச் சொல்லப் போவதில்லை. தள்ளுவண்டியில் உள்ளே போகும்போது கட்டெறும்பு என் விரலைக் கடித்தாள், பயம் வந்தாலும் அவள் கடிப்பாள். நாங்கள் நீளமான பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். இவள் கைப்பையில் இருந்த அளவு டேப்பை எடுத்து விரலில் சுற்றுவாள், பிரிப்பாள், சுற்றுவாள். எதிர்ச் சுவரில் ஒரு டைல்ஸ் கோணலாக ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். டாக்டரம்மா முகக்கவசத்தை இறக்கிவிட்டு எங்களை நோக்கி நடந்து வந்தார். நல்லபடியாக முடிந்தது என்றார். இவள் டேப்பைச் சுற்றிப் பையில் வைத்தாள். அழவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து நான்தான் அழுதேன்.

வீட்டுக்கு வந்த கட்டெறும்பை அந்தக் கட்டிலில் மல்லாந்து படுக்க வைத்தோம். சமுத்திரத்தில் போட்ட மாதிரி இருந்தாள். காலுக்குக் கீழே அவ்வளவு இடம். அங்கே பொம்மைகள் வந்தன, பிறகு புத்தகப் பை வந்தது, பிறகு மடிக்காத துணிகள். ஒரு சமயம் வீட்டுக்காரம்மாவின் பூனை அங்கே குட்டி போட்டது. கூடத்தில் படுத்திருந்தாலும் காலையில் எழுந்ததும் நான் திரையை விலக்கிப் பார்ப்பேன். தலைமாட்டில் கட்டெறும்பு தூங்குவாள். கால்மாட்டில் அந்தக் காலி இடம். என் பயம் அந்த இடத்தில்தான் குடியிருந்தது. மருந்து, செக்கப், எல்லாம் சரி என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டேதான் இருந்தார். நான் தலையாட்டிவிட்டு வந்து மறுநாளும் அந்த இடத்தைத்தான் பார்ப்பேன்.

வருஷங்கள் ஓடின. ரம்பம் மழுங்கிப் புது ரம்பம் வந்தது. நீலக் கட்டச் சட்டை கிழிந்து குதிரைக்கு வேறு சட்டை தைத்தாள். நான் பலகை மேல் உட்கார்ந்தேன், இறங்கினேன், உட்கார்ந்தேன். செய்ததெல்லாம் இன்னும் கொஞ்சம் பெரிதாகத்தான் வருகிறது. கேலி செய்வதை நானும் நிறுத்தவில்லை, கட்டிலைப் பற்றி மட்டும் பேச மாட்டேன்.

போன மாதம் ஒரு காலை. டியூட்டிக்குக் கிளம்ப ஷூவுக்குள் காலை விட்டுக்கொண்டிருந்தேன். கட்டெறும்பு திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். இப்போது மேல்நிலைப் பள்ளி, என் காதைத் தொட்டுவிட்டாள், படியில் இரண்டு இரண்டாக ஏறுகிறாள். தூக்கம் கலையாத முகம், முகம் முழுக்க எரிச்சல்.

"அப்பா, அந்தக் கட்டில் பத்தலப்பா. கால் இடிக்குது."

நான் நிமிர்ந்தேன். "என்ன சொன்னே?"

"கால் இடிக்குதுன்னேன். நீட்டிப் படுக்கவே முடியல. அம்மா செஞ்சது எல்லாம் பெரிசு பெரிசா இருக்கு, என் கட்டில் மட்டும் ஏன் இவ்வளவு சின்னது?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. இவள் ஈரக்கையோடு வந்து வாசலில் நின்றாள். மகளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிப் பெஞ்சில் அழாதவள், கட்டில் செய்தபோது முகம் கழுவப் போய் மறைத்தவள், அப்போது எதையும் மறைக்காமல் நின்ற இடத்திலேயே அழுதாள். கட்டெறும்பு மிரண்டுவிட்டாள். ஐயோ, பரவாயில்லை அம்மா, நான் காலை மடக்கிப் படுத்துக்கொள்கிறேன் என்று என்னென்னவோ சமாதானம் சொன்னாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிய வேண்டாம்.

நான் பால்கனிக்குப் போனேன். குதிரைகள் மேல் காய்ந்த துணியை வாரித் தோளில் போட்டுக்கொண்டு இரண்டையும் உள்ளே கொண்டுவந்தேன். இவள் பழைய குளியலறைக் கதவை எடுத்து மேலே வைத்தாள். முதல் டிரிப்புக்கு நேரமாகிவிட்டது, டிப்போவில் வசை நிச்சயம். ஏறிப் படு என்று மகளிடம் சொன்னேன். இது என்ன கூத்து என்று முனகிக்கொண்டே படுத்தாள். அவள் குதிகால் தாழ்ப்பாள் ஓட்டையைத் தாண்டி, இன்னும் தாண்டி, கதவின் கீழ்விளிம்புக்குப் பக்கத்தில் வந்து நின்றது. இவள் டேப்பை நீட்டி அளந்தாள். சுண்ணக்கட்டியை எடுத்தவள் கோடு போடாமல் என்னைப் பார்த்தாள்.

"எவ்வளவு விடட்டும்?" என்றாள். இத்தனை வருஷத்தில் என்னிடம் அவள் அளவு கேட்டது அதுதான் முதல் தடவை.

"தாராளமா விடு" என்றேன்.

"நான் இதுக்கு மேல எங்கப்பா வளரப் போறேன்?" என்று தலையைத் தூக்கினாள் கட்டெறும்பு.

"நீ வாயை மூடிக்கிட்டு நேரா படு" என்றேன்.